படிச்ச பள்ளிக்கு உலகக் கதைகள் பரிசளிக்கணுமா? புத்தகம் வாங்கும் முன் இதைப் படிங்க!

கடலூர், சிதம்பரம் பக்கம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, இப்போது சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவரா நீங்கள்? 'நம்ம ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும்டா' என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு வந்தால், யாராவது ஒருத்தர் 'புத்தகம் வாங்கித் தரலாம்' என்பார். நல்ல யோசனைதான். ஆனால் பார்க்காமல் மொத்தமாக வாங்கினால், சிண்ட்ரெல்லாவும் ஸ்னோ ஒயிட்டும் நாலு விதமான அட்டையில் வந்து இறங்கும். அதற்குப் பெயர் உலகக் கதைத் தொகுப்பு இல்லை. பிறகு எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? பார்க்கலாம் வாங்க.

கண்ணாடி பாதி, ஜன்னல் பாதி

அமெரிக்கக் கல்வியாளர் ரூடீன் சிம்ஸ் பிஷப் 1990-ல் ஒரு கட்டுரை எழுதினார். சிறார் புத்தகம் குழந்தைக்குத் தன் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும், அடுத்தவர் வாழ்க்கையைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்கணும் என்பதே அதன் சாரம். அதற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் 1985-ல் வெளியான சுமார் 2,500 சிறார் புத்தகங்களில், கறுப்பின எழுத்தாளர்கள், ஓவியர்களின் புத்தகங்கள் வெறும் 18.

இதை நம்ம ஊரில் பொருத்திப் பாருங்கள். தேவனாம்பட்டினத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளை, பிச்சாவரம் உப்பங்கழியில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளை, பண்ருட்டி முந்திரித் தோப்பில் வேலை செய்பவரின் பிள்ளை... இவர்களில் யாராவது ஒரு கதையின் ஹீரோவாக வந்து நீங்கள் படித்ததுண்டா? தன் வீடு எந்தக் கதையிலும் வரவில்லை என்றால், 'புத்தகம் நமக்கானது இல்ல' என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிடும்.

ஜன்னலே தப்பான படம் காட்டினால்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹெலன் பேனர்மேன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி, டாக்டரான கணவருடன் மதராஸில் வாழ்ந்தவர். 1899-ல் அவர் எழுதிய 'லிட்டில் பிளாக் சாம்போ' உலகப் புகழ் பெற்றது. கதையில் புலிகள் வரும், கடைத்தெரு வரும், கடைசியில் புலிகள் நெய்யாகவே உருகும். புலியும் நெய்யும் நம்ம நாட்டுச் சங்கதி. ஆனால் பையனின் பெயரும் படமும் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் விதத்தில் அமைந்துவிட்டன. பல தலைமுறைக் குழந்தைகளைப் புண்படுத்திய அந்தக் கதைக்கு, 1996-ல் ஃப்ரெட் மார்செலினோ என்ற ஓவியர் இந்தியப் பெயர்களும் இந்தியக் காட்சிகளும் கொடுத்து, 'லிட்டில் பாபாஜி' என்று வெளியிட்டார். கதை அதேதான். பெயரும் முகமும் உரிய இடத்துக்குத் திரும்பின.

புதுமைப்பித்தன் போட்ட சண்டை

இந்த விவாதம் கடலூருக்குப் புதுசு இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன், உலகச் சிறுகதைகள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். வெளிநாட்டுக் கதையில் பெயரையும் ஊரையும் மாற்றி நம்மூர்க் கதைபோல ஆக்கும் 'தழுவல்' முறையை அவர் கடுமையாக எதிர்த்தார். 'மொழிபெயர்ப்புதான் வேண்டும்' என்பது அவர் கட்சி.

சிறார் புத்தகத்துக்கும் அது பொருந்தும். ஜப்பான் பிள்ளையை 'ராமு' ஆக்கிவிட்டால், நம்ம பிள்ளைக்கு ஜப்பானைப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும்.

வாங்கும் முன் 5 கேள்விகள்

1. யார் சொன்ன கதை? அந்த ஊர்க்காரரோ, அங்கே நெருங்கிப் பழகியவரோ எழுதியதா?

2. பெயர், சாப்பாடு, உறவுமுறை எல்லாம் அப்படியே இருக்கிறதா?

3. படத்தைப் பாருங்கள். எல்லோரும் ஒரே நிறமா? 54 நாடுகள் உள்ள ஆப்பிரிக்கா, ஒரே குடிசையும் ஒரே சிங்கமுமாகச் சுருங்கிவிட்டதா?

4. ஏழைப் பிள்ளையோ, மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ பரிதாபத்துக்கு மட்டும் வருகிறதா, தானே முடிவெடுக்கிறதா?

5. மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா? பெயரே போடாத புத்தகத்தை யோசித்து வாங்குங்கள்.

எதில் ஆரம்பிக்கலாம்?

டோட்டோ-சான்: டெட்சுகோ குரோயநாகி தன் பள்ளி நாள்களை எழுதிய ஜப்பானிய நூல் (1981). தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டுள்ளது. ரயில் பெட்டிகளில் நடக்கும் அந்தப் பள்ளியில், மதியச் சாப்பாட்டில் கடலில் கிடைப்பதும் மலையில் விளைவதும் இருக்கணும் என்பார் தலைமையாசிரியர். மீன் குழம்பு வாசத்தோடு வளரும் கடலோரப் பிள்ளைக்கு, தூரத்து ஜப்பான் சட்டென்று பக்கத்தில் வந்துவிடும்.

குட்டி இளவரசன்: வெ.ஸ்ரீராம், ச.மதனகல்யாணி இருவரும் பிரெஞ்சிலிருந்தே நேரடியாக மொழிபெயர்த்தது. க்ரியா வெளியீடு.

முதல் ஆசிரியர்: கிர்கிஸ்தானின் சிங்கிஸ் ஐத்மாத்தவ் தன் மண்ணைப் பற்றி எழுதியது. பழைய லாயத்தைப் பள்ளிக்கூடமாக்கும் ஒரு வாத்தியாரின் கதை. தமிழில் பூ.சோமசுந்தரம். 9-ம் வகுப்புக்கு மேல் கொடுக்கலாம்.

நம்ம கதைகள்: பால சாகித்ய புரஸ்கார் பெற்ற யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' ஆகியவை. தூலிகா, தாரா போன்ற சென்னைப் பதிப்பகங்களின் படப் புத்தகங்களையும் பாருங்கள்.

100 புத்தகம் வாங்குவதாக இருந்தால், 40 தமிழ் வாழ்க்கை, 30 இந்தியாவின் மற்ற பகுதிகள், 30 உலகம் என்று பிரிப்பது எங்கள் சாய்ஸ். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளாகப் புத்தகங்களைப் பிரிக்கிறது. நீங்களும் அந்தப் படிகளின்படி பிரித்துக் கொடுத்தால் ஆசிரியர்களுக்கு எளிது.

பட்ஜெட் இல்லையா?

பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ் உட்பட பல மொழிக் கதைகள் இலவசம். டவுன்லோடு செய்து பிரின்ட் போடலாம். நீங்களே தமிழில் மொழிபெயர்த்தும் ஏற்றலாம். அங்கே கண்ணில் படும் ஓர் ஆப்பிரிக்கக் கதையை இந்த வாரக் கடைசியிலேயே தமிழாக்கிப் பாருங்களேன். கிள்ளைப் பக்கத்துக் கதை ஒன்றை ஊர்ப் பாட்டி, தாத்தாவிடம் கேட்டுப் பிள்ளைகளே எழுதி, படம் வரைந்தால் அதுவும் தொகுப்பில் ஒரு புத்தகம்தான்.

பீரோவில் பூட்டாதீங்க!

'கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?' என்ற பயத்திலேயே பல பள்ளிகளில் புத்தகங்கள் பீரோவுக்குள் தூங்குகின்றன. கொடுக்கும்போதே தலைமையாசிரியரிடம், 'கிழிஞ்சா பரவாயில்ல, மாத்தித் தர்றோம்' என்று சொல்லிவிடுங்கள். வகுப்பறையில் கயிறு கட்டித் தொங்கவிடலாம். யார் எதை எடுத்துப் போனார்கள் என்று எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர் மாவட்டம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் கீழ்த்தட்டில் வைக்காமல், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.

முக்கியமாக, கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். 6 மாதம் கழித்து ஊருக்குப் போகும்போது பள்ளிக்கு ஒரு எட்டு போய், எந்தப் புத்தகம் அதிகமாகக் கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்த பெட்டிக்கு எதை வாங்கலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.