கரையும் பணம்!

பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்த நூறு ரூபாய், மாதம் பிறந்ததும் தொண்ணூற்றொன்பதாகிவிடும் என்றால் என்ன செய்வீர்கள்? முதல் வேலையாகக் கடைத்தெருவுக்கு ஓடுவீர்கள், இல்லையா?

இதைத்தான் எதிர்பார்த்தார் மைக்கேல் உன்டர்குகன்பெர்கர். ஆஸ்திரியாவில் வோர்கல் என்ற சிற்றூரின் மேயர். ரயில்வே தொழிலாளியாக இருந்தவர்.

1932. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஊரே முடங்கிக் கிடந்தது. சுமார் 4,200 பேர் வசித்த அந்த ஊரில், திரும்பிய பக்கமெல்லாம் வேலையில்லாதவர்கள். வரி பாக்கி ஏறிக்கொண்டே போக, நகராட்சி கஜானா காலி! சாலை போடவேண்டியிருந்தது, அதற்கு ஆட்களும் இருந்தார்கள். கூலி கொடுக்கத்தான் காசு இல்லை. கொஞ்சம் வைத்திருந்தவர்களும், நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் அதை வெளியே எடுக்கவில்லை.

மேயருக்குக் கைகொடுத்தது, சில்வியோ கெசல் என்ற சிந்தனையாளரின் யோசனை. விளைபொருள் அழுகுகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. பணம் மட்டும் ஏன் தேயக்கூடாது என்று கேட்டவர் கெசல்.

ஜூலை கடைசியில் நகராட்சியே நோட்டு வெளியிட்டது. ஒன்று, ஐந்து, பத்து ஷில்லிங் மதிப்பில். மாதாமாதம் நோட்டின் மதிப்பில் ஒரு சதவிகிதத்துக்கு ஸ்டாம்ப் வாங்கி ஒட்டினால்தான் முழு மதிப்பு. ஜனங்கள் நம்பணுமே? அதனால், வெளியிட்ட நோட்டுகளுக்கு ஈடாக நிஜ ஷில்லிங்கை உள்ளூர் வங்கியில் போட்டுவைத்தார் மேயர். இரண்டு சதவிகிதக் கழிவோடு மாற்றிக்கொள்ளலாம். வரியையும் அந்த நோட்டிலேயே கட்டலாம்!

கூலியாக வந்த நோட்டு கடைக்குப் போனது, கடையிலிருந்து வரியாக நகராட்சிக்குத் திரும்பியது, அங்கிருந்து மறுபடி கூலியாக... ஸ்டாம்ப் செலவு தன் தலையில் விழுவதற்குள் தள்ளிவிடணும் என்று எல்லோருக்கும் அவசரம். பழைய வரி பாக்கியெல்லாம் வசூலானது. சிலர் அடுத்த வரியை முன்கூட்டியே கட்டினார்களாம்! ஒரு சமயத்தில் புழங்கியது என்னவோ சில ஆயிரம் ஷில்லிங்தான். ஆனால், சாலைகள் செப்பனிடப்பட்டன, ஒரு பாலம் எழுந்தது. பக்கத்து ஊரான கிர்ச்பிக்லும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கப் பொருளாதார மேதை இர்விங் ஃபிஷர், 1933-ல் இந்த முறையைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

விழித்துக்கொண்டது ஆஸ்திரிய மத்திய வங்கி. நோட்டு அச்சிடும் உரிமை எங்களுக்கு மட்டுமே என்றது. 1933 செப்டம்பரில் எல்லாம் நின்றுபோனது. வழக்குப் போட்டும் ஊர் தோற்றது.

பெரிய தேசத்துக்கு இது சரிப்பட்டிருக்குமா என்று நிபுணர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வோர்கல்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தடை வந்த பிறகும் செய்யவேண்டிய வேலை இருந்தது, செய்ய ஆட்களும் இருந்தார்கள். நடுவே கைமாற ஒரு துண்டுக் காகிதம்தான் இல்லை!