யார்க் நகரில் ஒரு பகற்பொழுது

இங்கிலாந்தின் வடபகுதியில், ஊஸ், ஃபாஸ் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த பழம்பதி யார்க். கி.பி. 71ஆம் ஆண்டளவில் உரோமப் படையினர் இங்குப் பாசறை அமைத்து, அதற்கு எபோராகம் எனப் பெயரிட்டனர். செப்திமியுஸ் செவெருஸ் என்னும் பேரரசன் 211இல் இங்கே இறந்தான். கான்ஸ்டன்டைனைப் படைவீரர்கள் 306இல் பேரரசனாக அறிவித்ததும் இங்கேதான். இத்தனை பெருமைகள் இருப்பினும் பழைய நகரம் சிறியது. காலையில் புறப்படுபவர், விரையாமல், நடந்தே மாலைக்குள் அதனைக் கண்டுவிடலாம்.

மதில்மேல் நடப்பதே தக்க தொடக்கம். ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள இம்மதில், இங்கிலாந்தில் எஞ்சியுள்ள இடைக்கால நகர மதில்களுள் மிக நீளமானது. மதிலின் வாயில்களுக்கு இவ்வூரில் 'பார்' என்பது பெயர். 'கேட்' என்று முடியும் பெயர்களோ தெருக்களுக்கு உரியவை. ஆங்கிலம் அறிந்து வருபவர் அப்பெயர்களை நம்பி வாயிலைத் தேடினால் தெருவில்தான் நிற்பார். 866இல் நகரைக் கைப்பற்றிய வைக்கிங்குகளின் மொழியில் தெருவைக் குறித்த சொல் அது. அவர்களின் கடைசி மன்னன் 954இல் விரட்டப்பட்டான். ஆட்சி நூறாண்டுகூட நிலைக்கவில்லை. ஆட்சி விட்டுச்சென்ற சொல் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து தெருப்பலகைகளில் நிற்கிறது. மொழியோடு பழகுவோர்க்கு இம்மதில் நடையில் கிடைக்கும் முதல் வியப்பு இதுவாகும்.

மின்ஸ்டர் என வழங்கும் பெருங்கோயிலின் இன்றைய கட்டடம் 1220ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பட்டு, 1472இல் நிறைவுற்றது. அதன் கீழைச் சாளரம் கோவென்ட்ரி ஊரினரான ஜான் தார்ன்டன் என்னும் கண்ணாடிக் கலைஞர் 1405 முதல் 1408 வரை உருவாக்கியது. உலகின் படைப்பும் முடிவும் ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் அளவிலான வண்ணக் கண்ணாடியில் விரிகின்றன. அவர் பெற்ற ஊதியம் 56 பவுன். 1644இன் முற்றுகை, 1829இல் ஒருவன் வேண்டுமென்றே வைத்த தீ, 1984இன் தீ ஆகிய மூன்றையும் கடந்து அச்சாளரம் நிற்கிறது.

கண்ணாடிக்குக் கிட்டிய பேறு ஏடுகளுக்குக் கிட்டவில்லை. எட்டாம் நூற்றாண்டில் யார்க்கின் பள்ளியில் கற்றுக் கற்பித்து, பின்னர் சார்லமேன் அரசவைக்குச் சென்ற அல்குயின், இந்நகரின் ஆயர்களையும் அரசர்களையும் பற்றி இலத்தீனில் நெடும்பாட்டு ஒன்று இயற்றினார். அதனுள்ளே இவ்வூர் நூலகத்தில் இருந்த நூலாசிரியர்களின் பெயர்களை அடுக்கிச் செல்கிறார்: வர்ஜில், லூகன், ஸ்டேஷியஸ், பீட் என வளர்கிறது வரிசை. நூற்பட்டியலைப் பாட்டாக்குவது எளிதன்று; அழகாக வந்ததென்று எல்லோரும் ஒப்பவும் மாட்டார்கள். ஆயினும் அந்நூலகம் இன்றில்லை; அதனுள் இருந்தவற்றை நாம் அறிவது அப்பாட்டினால்.

கசாப்புக் கடைத்தெருவாக இருந்த ஷாம்பிள்ஸ், மேல்மாடங்கள் ஒன்றையொன்று தொடுமளவு சாய்ந்து நிற்கும் சந்து. எல்லோரும் படமெடுக்கும் இடம் அது. அதைக் கடந்து தெற்கே நடந்தால், புல் மூடிய செங்குத்தான மண்மேட்டின்மேல் கிளிஃபர்ட் கோபுரம் தெரியும். மார்ச்சு மாதத்தில் மேடு முழுவதும் டாஃபடில் மலர்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும்.

1190ஆம் ஆண்டு மார்ச்சிலும் இம்மேடு இருந்தது. அதன்மேல் நின்றது மரக்கோபுரம். அதற்கு முந்தைய செப்டம்பரில் முதலாம் ரிச்சர்டு முடிசூடியபோது இலண்டனில் யூதர்களுக்கு எதிராக மூண்ட கலகம் வடக்கேயும் பரவியது. யார்க்கின் யூதக் குடும்பங்கள் கோட்டையில் அடைக்கலம் புகுந்தன. வெளியே சென்று திரும்பிய கோட்டைக் காவலன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என அஞ்சி, உள்ளிருந்தோர் அவனுக்குக் கதவு திறக்கவில்லை. அரசின் கோட்டையைப் பறித்துக்கொண்டார்கள் என்னும் பழி அவர்கள்மேல் விழுந்தது, முற்றுகை தொடங்கியது. மார்ச்சு 16 இரவில், பகைவர் கையில் விழுவதினும் தம் கையால் இறப்பதே மேல் என்று பலர் முடிவு செய்தனர். தந்தையர் மனைவி மக்களைக் கொன்று தாமும் மாய்ந்தனர், கோபுரம் எரிந்தது. உயிர் தப்பியோர் திருமுழுக்குப் பெற இசைந்து, உயிர்ப்பிச்சை வாக்கை நம்பி வெளியே வந்தபோது வெட்டப்பட்டனர். மாண்டவர் ஏறத்தாழ 150 பேர்.

மாண்டவருள் ஒருவர் கவிஞர். பிரான்சின் ஜ்வானி ஊரிலிருந்து வந்த யோம் தோவ் என்னும் மறைவல்லார். அவர் எபிரேய அகரவரிசையில் அமைத்த பாடல் ஒன்று, பாவமன்னிப்பை இறைஞ்சுவது. யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பின் முன்னிரவில் இன்றும் ஓதப்படுகிறது. நூலகம் அழிந்து பட்டியல் நின்றதுபோல, மரக்கோபுரம் சாம்பலாகிப் பாட்டு நின்றது.

இக்கொடுமையை மதவெறி என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுதல் பொருந்தாது. கோபுரம் எரிந்தபின் கூட்டம் பெருங்கோயிலுக்குச் சென்றது. அங்குக் காப்பில் வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களைக் காவலரிடமிருந்து பறித்து, கோயிலுக்குள்ளேயே குவித்துக் கொளுத்தியது. கலகத்திற்குத் தலைமை தாங்கியோரில் ரிச்சர்டு மாலபிஸ் போன்ற நிலக்கிழார்கள் யூதர்களிடம் கடன்பட்டவர்கள். அரசும் தன் இழப்பையே முதலில் எண்ணியது என்று சொல்வது மிகையாகாது: நகர மக்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது, 1194இல், கடன் பத்திரங்களுக்குப் படி எடுத்துப் பேழைகளில் வைக்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. 1290இல் முதலாம் எட்வர்டு யூதர்கள் அனைவரையும் நாட்டைவிட்டே வெளியேற்றினான்.

இன்று மேட்டின்மேல் நிற்கும் கற்கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது. பத்திரங்கள் எரிந்த கோயிலின் எச்சங்கள் இன்றைய கோயிலுக்கு அடியில் கிடக்கின்றன. மேட்டின் அடிவாரத்தில் நினைவுக்கல் பதிக்கப்பட்டது 1978இல். நிகழ்ச்சிக்கு 788 ஆண்டுகள் கழித்து. 2022இல் கோபுரத்தின் உச்சியில் மரத்தளம் ஒன்று அமைத்தனர். அதில் நிற்பவருக்குக் கூரைகளுக்கு அப்பால் பெருங்கோயில் தெளிவாகத் தெரிகிறது. அங்கிருந்து நடந்தால் கால்மணி நேரம்.