கல் மனிதனும் பனிக்கட்டியும்

பார்வையாளனையும் படைப்பில் கூட்டாளியாக்கும் கலையை, மேற்கு நாடுகள் 1960களில் கண்டுபிடித்த சரக்காகவே நாம் பேசி வருகிறோம். ஹான்ஸ் ஹாக்கே 1972ல் ரைன் நதியின் அழுக்குநீரை க்ரெஃபெல்ட் நகரத்து மியூசியத்துக்குள் கொண்டுவந்து, வடிகட்டி, அதில் தங்கமீன்களை நீந்தவிட்டார். முக்கியமான படைப்புதான். ஆனால் பார்க்க வந்தவன் பார்வையாளனாகவே திரும்பிப் போனான். நீரைப் பற்றிய கலையின் சரித்திரத்தை மியூசியத்திலிருந்து தொடங்குவதே பிசகு என்பது என் கட்சி. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் அதற்கு வேறொரு தொடக்கம் இருக்கிறது.

கி.மு. 256 வாக்கில், ச்சின் அரசின் கீழ் அப்பிரதேசத்தை நிர்வகித்த லி பிங், மின் நதியை துஜியாங்யான் என்னுமிடத்தில் இரண்டாகப் பிரித்தார். குறுக்கே அணை கிடையாது. மூங்கில் கூடைகளில் கற்களை நிரப்பி அடுக்கி, மீன்வாய் போன்ற கரையொன்றை ஆற்றின் நடுவே எழுப்பினார். அதோடு மூன்று கல் மனிதர்களை நீரில் நிறுத்தினாராம். நீர் எவ்வளவு வற்றினாலும் அவர்கள் பாதத்துக்குக் கீழே போகக்கூடாது. எவ்வளவு பெருகினாலும் தோளைத் தாண்டக்கூடாது. இது பழைய நூல்கள் சொல்லும் செய்தி. 1974ல் ஆற்றுப்படுகையிலிருந்து லி பிங்கின் கற்சிலை ஒன்று வெளிப்பட்டது. சுமார் 3 மீட்டர் உயரம், கி.பி. 168ல் செதுக்கப்பட்டது.

இந்தக் கல் மனிதன் சிற்பமா, அளவுகோலா? இந்தப் பிரிவினையே நம்முடையது என்று தோன்றுகிறது. எழுத்தறியாத உழவனும் கரையில் நின்று அவனை வாசிக்கலாம். வாசித்தபின் செய்ய வேண்டிய காரியமும் இருந்தது. குளிர்காலத்தில் நீர் தணிந்ததும் கால்வாயை அடைத்து, தூர்வாரி, கூடைகளை மாற்றுவார்கள். வசந்தத்தில் நீரைத் திறந்துவிடுவது விழா. பார்த்தலும் உழைப்பும் கொண்டாட்டமும் ஒரே வட்டத்தில் அடங்கியிருந்தன.

அந்த நீரின் கிளைகள்தான் செங்டு நகரைச் சூழ்ந்தோடும் ஃபு, நான் ஆறுகள். தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் இவை சாக்கடைகளாயின. 1985ல் பள்ளிப் பிள்ளைகள் ஆற்றைக் காப்பாற்றச் சொல்லி மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். 1990களில் நகர நிர்வாகம் பெரும் சீரமைப்பில் இறங்கியது. 1995 கோடையில் அமெரிக்கக் கலைஞர் பெட்ஸி டேமன் அங்கே வந்து, சீனக் கலைஞர்களோடு சேர்ந்து ஆற்றங்கரையில் நிகழ்ச்சிகள் நடத்தினார்.

அவற்றில் இரண்டு என்னைத் தொந்தரவு செய்கின்றன. டாய் குவாங்யு, மனித முகங்களின் புகைப்படங்களை ஆற்றுநீர் நிரம்பிய தட்டுகளில் கிடத்தினார். நாளாக நாளாக முகங்கள் கரைந்தன. நெடுங்காலம் கிடப்பில் போடப்பட்ட நீரின் தரஅளவு என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. கல் மனிதனின் வேலையை இங்கே காகித முகம் செய்கிறது. யின் ஷியுஜென், 10 கன மீட்டர் ஆற்றுநீரைப் பனிக்கட்டிகளாக உறையவைத்துக் கரையில் அடுக்கினார். வழிப்போக்கர்களிடம் தூரிகையும் சுத்தமான நீரும் கொடுத்து, ஆற்றைக் கழுவச் சொன்னார். ஜனங்கள் கழுவினார்கள். பனி உருகி, அழுக்கு நீராகவே ஓடியது. செய்தவர்களுக்கே தெரியும் வீண்வேலை. ஆயினும் ஆற்றைத் தன் கையால் தொட்டவன், அதன் அழுக்கை இனி நிர்வாகத்தின் விவகாரம் என்று ஒதுக்குவது அத்தனை சுலபமில்லை.

1998ல் டேமன் யோசனையில், சுமார் 2.4 ஹெக்டேர் பரப்பில் உயிர்நீர்ப் பூங்கா திறக்கப்பட்டது. ஆற்றுநீர் மேலேற்றப்பட்டு, வண்டல் படியும் குளம், சிற்ப ஓடைகள், நாணல் பாத்திகள், மீன்குளங்கள் வழியே தெளிந்து வருகிறது. குழந்தைகள் அதில் விளையாடுகிறார்கள். அது தெளிவிப்பது ஆற்றின் ஓட்டத்தில் மிகச் சிறு பங்கு.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் பூங்காவோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அதே சீரமைப்பில் கரையோரக் குடிசைகளிலிருந்து சுமார் 30,000 குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டு, புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. திட்டம் ஐ.நா.வின் பாராட்டைப் பெற்றது. பனிக்கட்டியைக் கழுவ ஜனங்களுக்கு அழைப்பு இருந்தது. ஆற்றங்கரையில் யார் இருப்பது, யார் போவது என்ற தீர்மானம் மேலிருந்தே வந்தது. பங்கேற்பு என்ற சொல்லை நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். குறியீட்டில் பங்கு கொடுத்து, தீர்மானத்தில் பங்கு மறுப்பது எந்த அதிகாரத்துக்கும் சௌகரியமான ஏற்பாடு.

இதற்காக அந்தக் கலைஞர்களை நான் நிராகரிக்கவில்லை. ஆற்றை வாசிக்கும் உரிமையை நிபுணனின் மேசையிலிருந்து கரையில் நிற்பவனுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கலை இதைச் செய்ய முடியும். இதற்கு மேல் செய்வதாகச் சொன்னால் பொய். வாசித்தவன் பேசும்போது யார் கேட்கப்போகிறார்கள் என்பது அரசியல். நீர் தோளுக்கு மேல் ஏறிவிட்டதென்று கல் மனிதன் காட்டுவான். மண்வெட்டியை எடுக்கவும், மண்ணை எங்கே கொட்டுவதென்று தீர்மானிக்கவும் கரையில் இருப்பவர்களுக்கு உரிமை இருந்தாக வேண்டும்.