சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்த போர்

சிறப்புப் படைகளின் வரலாற்றைச் சொல்லும் ஆங்கிலப் புத்தகங்களில் எங்கள் ஊருக்குத் தொடக்கத்தில் ஒரு பத்தி கிடைக்கும். அதற்குப் பிறகு ஊர் காணாமல் போய்விடும். 1948 ஜூன் 16 காலை, பேராக்கில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே எல்ஃபில் தோட்டத்துக்குச் சைக்கிளில் வந்த மூன்று கம்யூனிஸ்ட் இளைஞர்கள், மேனேஜர் ஆர்தர் வாக்கரை அவருடைய ஆபீசிலேயே சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் சில மைல் தள்ளி இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. அது முடிந்தது 1960 ஜூலை 31 அன்று.

நான் இந்த ஊரில் பிறந்தவன், இங்கேயே தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவன். என் பாட்டி அந்தப் பன்னிரண்டு ஆண்டும் இந்த வட்டாரத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார். புத்தகங்களில் விமானத்திலிருந்து காட்டுக்குள் குதித்தவர்கள் முன்னே நிற்கிறார்கள். பாட்டி சொன்ன கதைகளில் அவர்கள் ஓரிடத்திலும் வரவில்லை. முள்வேலி, கேட்டில் சோதனை, அரிசிக் கணக்கு, இருட்டியபின் வெளியே தலை காட்டக்கூடாது என்ற உத்தரவு, இவைதான் வரும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன். காட்டுக்குள் போன அந்த வீரர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் போரை முடித்தவர்கள் அவர்கள்தாம் என்ற கதையை என்னால் ஏற்க முடியவில்லை.

காட்டில் இருந்த எதிரியை, அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை, வளர்த்ததில் பிரிட்டிஷாருக்கும் பங்கு உண்டு. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் கெரில்லாக்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுக்க ‘ஃபோர்ஸ் 136’ என்ற ரகசியப் படையின் அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். அவர்களில் முக்கியமானவர் ஜான் டேவிஸ். அவருடன் தோளோடு தோள் நின்ற இளைஞர் சின் பெங். போர் முடிந்ததும் சின் பெங்குக்கு ஓ.பி.இ. விருது அறிவித்தார்கள். 1948க்குப் பிறகு அதே சின் பெங் கட்சியின் பொதுச் செயலாளராகக் காட்டில் இருந்தார், விருதும் பறிக்கப்பட்டது. அவரைத் தேடி முதலில் அனுப்பப்பட்ட சிறப்புக் குழுவான ‘ஃபெர்ரட் ஃபோர்ஸ்’, அதே பழைய ஃபோர்ஸ் 136 ஆட்களை வைத்துக் கட்டியதுதான். காட்டை அறிந்தவர்கள், சிறு குழுக்களாகப் போனார்கள், பலனும் தெரிந்தது. ஆனால் சில மாதங்களிலேயே அதைக் கலைத்துவிட்டார்கள்.

பெரிய பட்டாளங்களை வைத்துக் காட்டைச் சல்லடை போடும் வேலை தொடர்ந்தது. அந்த முதலாண்டில் நடந்த கொடுமைகளை விட்டுவிட்டு இந்த வரலாற்றைப் பேசக்கூடாது. 1948 டிசம்பர் 12 அன்று சிலாங்கூரில் பத்தாங் காலியில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் சீனத் தோட்டத் தொழிலாளிகள். குடும்பத்தார் நீதி கேட்டு லண்டன் வரை போனார்கள். பொது விசாரணை நடத்த அரசுக்குக் கடமை இல்லை என்று 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழர் பக்கமும் இழப்பு வந்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசு தலையிட்டும் பலனில்லை. முந்தைய நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுடப்பட்டு இறந்திருந்தார். சங்கம் பேசிய தமிழன் காட்டுக்காரனின் கூட்டாளி என்ற சந்தேகம் தோட்டங்களில் நெடுநாள் நீடித்தது.

1950இல் மைக் கால்வர்ட் வந்தார். பர்மாவில் சிண்டிட் படையில் ஜப்பானியரின் முதுகுக்குப் பின்னால் போய்ப் போரிட்டவர். அவர் திரட்டிய படைக்கு ‘மலாயன் ஸ்கவுட்ஸ்’ என்று பெயர். உலகப் போர் முடிந்ததும் கலைக்கப்பட்டிருந்த ஸ்பெஷல் ஏர் சர்வீஸ், அதாவது எஸ்.ஏ.எஸ்., நிரந்தரப் படையாக மறுபிறவி எடுத்தது இதிலிருந்துதான். முதலில் சேர்ந்தவர்களில் பலர் மற்றப் பட்டாளங்கள் தள்ளிவிட்ட ஆட்கள். குடியும் ஒழுங்கீனமும் இருந்தன. கால்வர்ட் உடல்நிலை கெட்டு ஊர் திரும்பியதும் ஜான் ஸ்லோன் பொறுப்பேற்று ஒழுங்கு கொண்டுவந்தார். 1952இல் படை 22ஆவது எஸ்.ஏ.எஸ். ரெஜிமென்ட் ஆனது. ஜான் வுட்ஹவுஸ் என்ற அதிகாரி இங்கிலாந்துக்குப் போய், ஆளைச் சலித்தெடுக்கும் கடுமையான தேர்வு முறையை அமைத்தார். இன்று உலகெங்கும் சிறப்புப் படைகள் பின்பற்றும் தேர்வுக்கு அது ஒரு முன்னோடி.

புகழ் பெற்றது ‘மரத்தில் குதித்தல்’. 200 அடி உயரக் காட்டு மரங்களின் உச்சியில் பாராசூட் சிக்கிக்கொள்ளும்படி வேண்டுமென்றே குதிப்பார்கள். பிறகு இடுப்பில் கட்டிய நீளக் கயிற்றைப் பிடித்துத் தரைக்கு இறங்குவார்கள். 1952 பிப்ரவரியில் தாய்லாந்து எல்லையருகே பெலும் பள்ளத்தாக்கில் இப்படி இறங்கியபோது சேதம் குறைவாக இருந்ததால் நம்பிக்கை வந்தது. பின்னர் கிளை முறிந்து முதுகெலும்பு உடைந்தவர்கள் பலர், உயிர் விட்டவர்களும் உண்டு. புகைப்படத்துக்கு ஏற்ற வீரம் அது. நான் மதிப்பது அவர்கள் குதித்த பிறகு செய்ததைத்தான். மூன்று நான்கு பேராகப் பிரிந்து வாரக்கணக்கில் காட்டிலேயே கிடந்தார்கள். சோப்பு போடவில்லை, சவரம் செய்யவில்லை, சிகரெட் பிடிக்கவில்லை, ஏனென்றால் காட்டில் வாசனை வெகுதூரம் போகும். அட்டைக்கடியோடும் எலிக்காய்ச்சலோடும் ஒரே ஒற்றையடிப் பாதையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார்கள்.

இந்தப் பொறுமையையும் தடம் பார்க்கும் கலையையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். சரவாக்கிலிருந்து இபான் வழிகாட்டிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் அவாங் அனாக் ராவாங், 1951இல் காயம்பட்ட படைவீரர் ஒருவரைத் தனியாளாகக் காத்து நின்றதற்காக ஜார்ஜ் கிராஸ் பெற்றார். அதே வழிகாட்டிகளைப் பயன்படுத்தியதில் ஒரு களங்கமும் வந்தது. 1952இல் லண்டன் ‘டெய்லி வொர்க்கர்’ பத்திரிகை, வெட்டிய தலையைக் கையில் பிடித்திருக்கும் பிரிட்டிஷ் மரீன் படைவீரரின் படத்தை வெளியிட்டது. படம் உண்மையானது என்று அரசு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எங்கள் ஊருக்குப் பின்னால், லாசா என்ற ஊரைத் தாண்டி மலை ஏறினால், தெமியார் மக்களின் நிலம். ஓராங் அஸ்லி என்ற பூர்வகுடிகளில் அவர்கள் ஒரு பிரிவு. ஜப்பானியர் காலம் முதலே கெரில்லாக்களுக்கு இவர்களுடன் உறவு இருந்தது. உணவும் வழியும் செய்தியும் இவர்களிடமிருந்து கிடைத்தன. அரசு முதலில் செய்தது பெரும் பாவம். இவர்களைக் காட்டிலிருந்து இழுத்துவந்து சமவெளியில் வேலிபோட்ட முகாம்களில் அடைத்தார்கள். வெயிலும் நோயும் பழகாத உணவும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. தப்பியவர்கள் காட்டுக்குள் இன்னும் ஆழமாக, கெரில்லாக்களிடமே ஓடினார்கள். இது புரிந்தபிறகுதான் எண்ணம் மாறியது. மக்களைக் கீழே கொண்டுவருவதற்குப் பதிலாகக் காட்டுக்குள்ளேயே கோட்டைகள் கட்டினார்கள். ஃபோர்ட் கெமார், ஃபோர்ட் புரூக், ஃபோர்ட் லெகாப் எல்லாம் அப்படி வந்தவை. சிறு விமானம் இறங்கும் திடல், மருந்துப் பெட்டி, சிறு கடை, கொஞ்சம் போலீஸ். எஸ்.ஏ.எஸ். வீரர்கள் அங்கே தங்கி மலாய் பேசக் கற்றார்கள், புண்ணுக்கு மருந்து போட்டார்கள், பிள்ளைக் காய்ச்சலைப் பார்த்தார்கள். அவர்கள் செய்த வேலைகளிலேயே இது பெரியது என்று நான் நினைக்கிறேன். ஃபோர்ட் லெகாப் இன்று போஸ் லெகாப். நான் அங்கே போனபோது ஒரு முதியவர், தன் தாயாரின் உறவினர்கள் சமவெளி முகாமில் இறந்ததை ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போனார்.

1956இல் ரிச்சர்ட் நூன் இந்த மக்களிடையே ‘செனோய் பிராக்’ என்ற படையை அமைத்தார். அவர் அண்ணன் பேட் நூன், தெமியார் பெண்ணை மணந்து அவர்களோடு வாழ்ந்த மானுடவியலாளர், ஜப்பானியர் காலத்தில் காட்டிலேயே மாண்டவர். ஊதுகுழலும் நஞ்சம்பும் அறிந்த இந்த வீரர்கள், கடைசி ஆண்டுகளில் எந்த அந்நியப் படையையும்விடக் குறைந்த ஆட்களோடு அதிகம் சாதித்தார்கள். அவர்கள் பெயர் எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வலிக்கிறது.

இப்போது பாட்டியின் பக்கத்துக்கு வருகிறேன். ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் 1950இல் போட்ட திட்டத்தால், காட்டோரம் குடியிருந்த, பெரும்பாலும் சீனரான, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டது எல்லாருக்கும் தெரியும். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஏறத்தாழ 650,000 தொழிலாளர் ஒரே இடத்தில் கூட்டி வேலிக்குள் வைக்கப்பட்டதை யாரும் அதிகம் சொல்வதில்லை. அவர்களில் தமிழர் ஏராளம். காட்டோரத்தில் தனித்தனியாக இருந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளை, பிரித்து, ஆபீஸ் பக்கம் ஒன்றாகக் கட்டி, சுற்றி முள்கம்பி போட்டார்கள். விடிகாலைப் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து கேட் திறக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனி வரிசை. தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை இருந்த மாதங்களில், மத்தியானம் திரும்பும்வரை பசியாறாமல் மரம் வெட்டினார்கள். கெட்டிப்பால் டின்னைக் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும், அப்போதுதான் சேர்த்து வைக்க முடியாது. சில இடங்களில் அரிசி விற்பதையே நிறுத்தி, பொதுச் சமையல்கட்டில் வடித்த சோற்றைக் கொடுத்தார்கள். அரிசி மாதக்கணக்கில் தாங்கும், வடித்த சோறு மறுநாளே புளித்துவிடும். காட்டுக்குப் போனாலும் பயன்படாது. சமையல் அறிந்த எவருக்கும் இதன் கொடூரக் கூர்மை புரியும்.

சோதனைகள் எல்லை மீறின. செமினியில் பெண்களை நடத்திய விதம் பற்றிப் புகார் எழுந்து 1956இல் விசாரணையே நடந்தது. பாட்டி தன் தோட்டத்துக் கேட்டில் நடந்ததைக் கடைசிவரை முழுதாகச் சொல்லவில்லை. மறுபக்கமும் பயம்தான். காட்டுக்காரர்கள் வந்து அடையாள அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள், பால்மரங்களைக் கொத்திப் பாழாக்கினார்கள், காட்டிக்கொடுத்ததாகச் சந்தேகப்பட்ட மண்டோர்களை, அதாவது மேற்பார்வையாளர்களை, கொன்றார்கள். மரம் போனால் கூலியும் போயிற்று.

பசி எப்படி வேலை செய்தது என்பதற்கு 1958 பிப்ரவரியில் இன்றைய தெலுக் இந்தான் அருகே சதுப்புநிலக் காட்டில் நடந்ததைச் சொல்லலாம். மேஜர் ஹாரி தாம்சனின் எஸ்.ஏ.எஸ். வீரர்கள் மரத்தில் குதித்து உள்ளே இறங்கினார்கள். ஒருவர் கடுமையாகக் காயமடைந்தார். ஆ ஹோய் என்ற தலைவனின் குழுவைத் தேடி வாரக்கணக்கில் இடுப்பளவு தண்ணீரில் நடந்ததில் அவர்களுக்குத் தோல் அழுகிப் புண்ணானது. வெளியே ராணுவமும் போலீசும் சதுப்பைச் சுற்றி அடைத்து உணவை நிறுத்தின. முதலில் ஒரு பெண் வெளியே வந்து பேரம் பேசினாள். பிறகு ஆ ஹோய் சரணடைந்தான். உள்ளே துரத்தியவர்களும் தேவைப்பட்டார்கள், ஆனால் அவனை வெளியே கொண்டுவந்தது வற்றிப்போன சோற்றுப்பானைதான்.

எண்களும் இதையே சொல்கின்றன. பன்னிரண்டு ஆண்டில் கொல்லப்பட்ட கெரில்லாக்கள் 6,710 பேர். எஸ்.ஏ.எஸ். கணக்கில் வருபவர்கள் 108. சரணடைந்தவர்கள் 2,702. அவர்கள் கொடுத்த தகவலை வைத்துச் சிறப்புப் பிரிவு போலீஸ் வலை பின்னியது. கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,478, காணாமற்போனவர்கள் 810. 1957இல் சுதந்திரம் வந்ததும் காலனி எதிர்ப்பு என்ற வாதமும் காட்டில் இருந்தவர்களின் கையை விட்டுப் போயிற்று.

ஆனாலும் அந்த 108ன் புகழ் பரவியது. 1958 முடிவதற்குள் அதே எஸ்.ஏ.எஸ். வீரர்கள் ஓமானின் மலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் படையின் ரொடீசியப் பிரிவுத் தலைவராக மலாயாவில் பாடம் படித்த பீட்டர் வால்ஸ், பின்னர் தன் நாட்டு உள்நாட்டுப் போரில் தளபதியானார். இங்கே 1968இல் போர் மறுபடி தொடங்கியபோது, எஸ்.ஏ.எஸ். பயிற்சியோடு போலீசின் வாட் 69 படை ஈப்போ பக்கம் உலு கிந்தாவில் உருவானது. 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கெரில்லாக்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

செனோய் பிராக் இன்னும் போலீசின் பொது நடவடிக்கைப் படையில் இருக்கிறது. தெமியார் இளைஞர்கள் இன்னும் அதில் சேர்கிறார்கள். ஃபோர்ட் புரூக் இருந்த கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில், 2018இல் அதே தெமியார் மக்கள் மரம் வெட்டும் லாரிகளை மறித்துத் தடுப்பு போட்டார்கள். 2019 ஜனவரியில் மத்திய அரசே அவர்கள் சார்பில் மாநில அரசு மீது வழக்குத் தொடுத்தது. காட்டைக் காப்பாற்றித் தருவோம் என்ற பேச்சை நம்பி எழுபது ஆண்டுகளுக்கு முன் அரசின் பக்கம் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அந்த நிலம் தங்களுடையது என்று நீதிமன்றத்தில் இன்னும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.