பறித்த பெயரின் இறையியல்: கிறிஸ்டியன் ஐடென்டிட்டி இயக்கம்

கி.மு. 722ஐ ஒட்டி வட இஸ்ரேலின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்து 27,290 பேரைச் சிறைபிடித்துச் சென்றதாக மன்னன் இரண்டாம் சர்கோனின் கல்வெட்டு பெருமை பேசுகிறது. வென்றவன் சொல்லும் கணக்கு, கூட்டித்தான் சொல்லியிருப்பான். அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு நாட்டின் குடிகள் அத்தனை பேரும் பெயர்த்தெடுக்கப்பட்டதாக ஆகாது. ஆனால் 2 இராஜாக்கள் நூலின் 17ஆம் அதிகாரம் யூதா கோத்திரம் தவிர வேறு யாரும் மிஞ்சவில்லை என்கிறது. ‘காணாமற்போன பத்துக் கோத்திரங்கள்’ என்ற கதைக்கு வேர் அங்கேதான். தேடியவர்கள் அவர்களை ஆப்கானிஸ்தானத்தில் கண்டார்கள், அமெரிக்கப் பழங்குடிகளிடம் கண்டார்கள், ஜப்பானிலும் கண்டார்கள். பிரிட்டனில் சிலர் கண்ணாடியில் கண்டார்கள்.

அந்தக் கண்ணாடிப் பார்வைக்குப் பெயர் பிரிட்டிஷ் இஸ்ரேலியம். அதன் அமெரிக்க வழித்தோன்றல்தான் கிறிஸ்டியன் ஐடென்டிட்டி. வெள்ளையரே உண்மையான இஸ்ரேலர், யூதர் சாத்தானின் வித்து என்று போதித்த வெள்ளை இன மேலாதிக்கச் சமயம் அது. முன்னது யூதரைச் சகோதரர் என்றது. பின்னது பிசாசின் பிள்ளைகள் என்றது. இந்தப் பிறழ்வை நாஜிக் கருத்துகள் வெளியிலிருந்து ஏற்றிய நஞ்சு என்று விளக்குவது எளிது. அது பாதி உண்மைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்னொருவர் பெயரைத் தனதாக்கிக்கொண்ட எந்தக் கொள்கைக்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கும்: இஸ்ரேலர் நாம் என்றால், அந்தப் பெயரோடு இன்றும் வாழ்கிறவர்கள் யார்? நஞ்சு உள்ளே நுழைந்தது அந்தக் கேள்வியின் வழியாக.

முதலில் பிரிட்டன். கடற்படையிலிருந்து விலகிய ரிச்சர்ட் பிரதர்ஸ் 1790களில் தன்னை எபிரேயரின் இளவரசர் என்று அறிவித்து, மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டார். அவரைத் தோற்றுவாயாகக் கொள்வது வழக்கம் என்றாலும் கொள்கைக்கு வடிவம் கொடுத்தவர் ஜான் வில்சன். இஸ்ரேலிய மூலம் பற்றிய அவருடைய சொற்பொழிவுகள் 1840இல் நூலாயின. அவர் ஜெர்மானிய இனங்கள் பலவற்றையும் இஸ்ரேலுக்குள் சேர்த்தார். பின்வந்த எட்வர்ட் ஹைன் ஜெர்மானியரை வெளியேற்றி அசீரியர் ஆக்கினார். பிரிட்டன் எப்பிராயீம் கோத்திரம், அமெரிக்கா மனாசே கோத்திரம் என்று பங்கு பிரித்தார். எந்த இனம் உள்ளே, எது வெளியே என்பதை வேத வசனமா தீர்மானித்தது, அன்றைய ஐரோப்பிய அரசியலா என்பதை ஊகிக்க அதிக முயற்சி வேண்டாம்.

சான்றாக வைக்கப்பட்டவை பெரும்பாலும் ஒலியொப்புமைகள். எபிரேயத்தில் ‘பெரித்’ என்றால் உடன்படிக்கை, ‘ஈஷ்’ என்றால் மனிதன். இரண்டும் சேர்ந்தால் ‘பிரிட்டிஷ்’. ‘ஐசக்ஸ் சன்ஸ்’, அதாவது ஈசாக்கின் மைந்தர்கள், தேய்ந்து ‘சாக்ஸன்ஸ்’ ஆயினர். தாண் கோத்திரம் நடந்த வழியெல்லாம் டான்யூப், டென்மார்க் என்று தன் பெயரை விட்டுச் சென்றது. ஈசாக்கின் எபிரேயப் பெயர் ‘யிட்ஸ்ஹாக்’. ‘ஐசக்ஸ் சன்ஸ்’ ஆங்கிலம் பேசுகிறவன் வாயில் மட்டுமே பிறக்கக்கூடிய தொடர். அசீரியச் சிறையிருப்பில் ஆங்கிலம் பேசியவர் யாருமில்லை.

இந்தக் கட்டத்தில் கொள்கை கேலிக்குரியதாக இருந்தது, கொடியதாக இல்லை. 1899க்கும் 1902க்கும் இடையே பிரிட்டிஷ் இஸ்ரேலியர் சிலர் உடன்படிக்கைப் பெட்டியைத் தேடி அயர்லாந்தின் தாரா குன்றைத் தோண்டினர். பழம்பெரும் அரசர்களின் இடத்தைச் சிதைக்கிறார்களே என்று கவிஞர் யேட்ஸ் முதலானோர் கொதித்தெழுந்தனர். பெட்டி கிடைக்கவில்லை. குன்றின் காயம் மிஞ்சியது.

‘அவர்கள் யார்?’ என்ற கேள்விக்கு ஹைனிடம் பதில் இருந்தது. யூதர் யூதாவின் வீட்டார், நாம் இஸ்ரேலின் வீட்டார். பிரிந்த சகோதரர்கள் கடைசிக் காலத்தில் கூடுவோம். கனிவான பதில்தான், ஆனால் அந்தக் கனிவு மூத்தவன் இடத்தைப் பிடித்துக்கொண்டவனின் கனிவு. ஆபிரகாமுக்கு அளித்த வாக்குறுதிகளின் பெரும்பங்கு பிரிட்டனுக்குப் போய்விட்டது. ‘உன் சந்ததியார் தங்கள் சத்துருக்களின் வாசல்களைச் சுதந்தரிப்பார்கள்’ என்ற வாக்கு ஜிப்ரால்டரிலும் மால்டாவிலும் சிங்கப்பூரிலும் நிறைவேறியதாகக் கணக்கு எழுதினார்கள். பேரரசு இருந்தவரை கொள்கைக்கு எதிரி தேவைப்படவில்லை. வெற்றியே சான்றாக இருந்தது.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு தலைகீழானது. 1930ஐ ஒட்டி வழக்கறிஞர் ஹோவர்ட் ராண்ட் ‘ஆங்கிலோ-சாக்ஸன் ஃபெடரேஷன் ஆஃப் அமெரிக்கா’வைக் கட்டியெழுப்பினார். அவருக்குக் கைகொடுத்தவர் வில்லியம் கேமரன். ஹென்றி ஃபோர்டின் ‘டியர்பார்ன் இன்டிபென்டென்ட்’ இதழின் ஆசிரியர் அவர். 1920இல் அதில் தொடங்கிய ‘சர்வதேச யூதர்’ தொடரை வடித்தவராகக் கருதப்படுபவரும் அவரே. அவதூறு வழக்கு ஒன்றின் நெருக்கடியில் ஃபோர்ட் 1927இல் மன்னிப்புக் கேட்டார். கேமரனோ தன் பார்வையை அப்படியே எடுத்துக்கொண்டு ஃபெடரேஷனுக்குள் வந்தார். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை அழுத்திய காலம் அது. வாக்குறுதி நமக்கென்றால் வறுமை ஏன் என்ற மனக்குறைக்கு, ‘யாரோ பறித்தார்கள்’ என்ற பதில் ஆயத்தமாக நின்றது. வெற்றியைச் சான்றாகக் காட்டிய கொள்கை, இழப்பைச் சான்றாகக் காட்டக் கற்றது இங்கேதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மையம் தென் கலிபோர்னியாவுக்கு நகர்ந்தது. மெத்தடிஸ்ட் போதகரின் மகனான வெஸ்லி ஸ்விஃப்ட், சான் டியேகோ வழக்கறிஞர் பெர்ட்ரண்ட் காம்பரே, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி வில்லியம் பாட்டர் கேல் ஆகிய மூவரும் ‘இரு வித்து’க் கொள்கையை முழு வடிவில் பரப்பினர். ஏவாள் சர்ப்பத்தோடு கூடிக் காயீனைப் பெற்றாள். காயீனின் வழியினரே யூதர். ஏனைய நிறத்தினர் ஆதாமுக்கு முன்பே படைக்கப்பட்டவர்கள், ஆன்மாவில் தாழ்ந்தவர்கள். ஆதாமின் வித்து வெள்ளையர் மட்டுமே. இந்தத் துண்டுகளில் எதுவும் அவர்களுடைய சொந்தச் சரக்கு அல்ல. ஆதாமுக்கு முன் மனிதர் இருந்தனர் என்று 1655இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் ஐசக் லா பெய்ரேர் யூதரோடு இணக்கத்தை நாடியவர். அந்த எண்ணத்தை 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க இனவாதிகள் கறுப்பரை இழிவுபடுத்தும் கருவியாக வளைத்திருந்தனர். ஸ்விஃப்டின் பங்கு ஒட்டுவேலை.

ஒட்டு எங்கே விடுகிறது என்று பார்க்கலாம். ஆதியாகமம் 4:1 காயீனின் தந்தை ஆதாம் என்று நேராகவே சொல்கிறது. அந்த வசனம் சிதைந்தது என்று தள்ளினார்கள். நோவாவின் வெள்ளத்தில் காயீனின் வழி அழிந்திருக்குமே என்றால், வெள்ளம் உலகளாவியது அல்ல, ஒரு வட்டாரத்தோடு நின்றது என்றார்கள். எழுத்துக்கு எழுத்து வேதத்தை நம்புகிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் இவர்கள். இவற்றையெல்லாம்விட என்னை வியக்கவைப்பது ‘சிவப்பு’ பற்றிய வாதம். ‘ஆதாம்’ என்ற பெயர் சிவப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, ஆகவே ஆதாம் முகம் சிவக்கக் கூடியவன், ஆகவே வெள்ளையன் என்பது அவர்களுடைய அடிப்படைச் சான்று. யூதரை அவர்கள் ஏசாவோடும் பிணைத்தார்கள். ஏசாவின் மறுபெயர் ‘ஏதோம்’. அதுவும் அதே வேர், அதே சிவப்பு. ஏசா சிவந்த நிறத்தோடு பிறந்தான் என்று ஆதியாகமம் 25 விளக்கவும் செய்கிறது. ஆதாமிடம் தேர்வின் அடையாளமான சிவப்பு, ஏசாவிடம் சாபத்தின் அடையாளமாகிவிட்டது. எதை நிறுவ வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்ட வாசிப்பில்தான் இது நடக்கும்.

அப்படியானால் இது சமயமே அல்ல, அங்கி மாட்டிய அரசியல் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பவில்லை. இந்த இறையியலுக்கு நடைமுறை விளைவு இருந்தது. 1948இல் இஸ்ரேல் நாடு உருவானபோது அமெரிக்கச் சுவிசேஷ சபைகள் பல அதைத் தீர்க்கதரிசன நிறைவேற்றமாகக் கொண்டாடின. ஐடென்டிட்டிக்காரர்களுக்கு அது பெயர்த் திருட்டின் உச்சம். அந்தச் சபையார் இரகசிய வருகையை நம்பினார்கள். மகா உபத்திரவத்துக்கு முன்பே கர்த்தர் தங்களை மேலே எடுத்துக்கொள்வார் என்று காத்திருந்தார்கள். ஐடென்டிட்டி இரகசிய வருகையை மறுத்தது. உபத்திரவத்தின் ஊடே நடந்துதான் ஆகவேண்டும் என்று நம்புகிறவன் தானியமும் துப்பாக்கியும் சேர்ப்பான், காட்டுக்குள் குடியேறுவான். 1985 ஏப்ரலில் ஆர்க்கன்சா மாநிலத்தில் ‘உடன்படிக்கை, வாள், கர்த்தரின் புயம்’ என்ற குழுவின் குடியிருப்பைக் கூட்டாட்சிக் காவலர்கள் முற்றுகையிட்டுச் சரணடையச் செய்தபோது, ஆயுதங்களோடு சுமார் 30 கேலன் சயனைடும் அங்கே இருந்தது.

1984இல் டென்வர் நகரின் யூத வானொலியாளர் ஆலன் பெர்க்கைக் கொன்ற ‘தி ஆர்டர்’ குழுவிலும் ஐடென்டிட்டி விசுவாசிகள் இருந்தனர். அதன் தலைவர் ராபர்ட் மாத்யூஸ் மட்டும் பழைய நார்ஸ் தெய்வமான ஓடினை நாடியவர். பகை ஒன்றாக இருந்தால் கடவுள் வேறாக இருப்பது அவர்களுக்குத் தடையாகவில்லை. 1990இல் ரிச்சர்ட் ஹோஸ்கின்ஸின் நூல் ஒன்று எண்ணாகமம் 25இல் வரும் பினெகாஸை முன்மாதிரியாக நிறுத்தியது. மீதியானியப் பெண்ணோடு கூடிய இஸ்ரேலனை அவளோடு சேர்த்து ஈட்டியால் குத்தியவன் அவன். தனியாளாகக் கொலை செய்வதை ஆசாரிய ஊழியமாக்கும் வாசிப்பு அது. அதே எண்ணாகமத்தில் பதின்மூன்று அதிகாரங்களுக்கு முன், மோசே மணந்த கூஷ் தேசத்துப் பெண்ணைக் குறித்து மிரியாம் முறுமுறுக்கிறாள். தண்டனையாக அவள் உடல் குஷ்டத்தால் உறைந்த மழைபோல வெளுத்துப்போகிறது. வெண்மையே சாபமாக வரும் இந்த இடத்தில் அவர்கள் அதிகம் தங்குவதில்லை.

இயக்கத்துக்குப் பேராயரோ தலைமையகமோ இருந்ததில்லை. ஸ்விஃப்டின் பிரசங்க ஒலிநாடாக்கள் கைமாறிக் கைமாறியே அது பரவியது. 1970இல் அவர் இறந்தபின் அவருடைய சபைக்கு வாரிசு உரிமை கொண்டாடிய ரிச்சர்ட் பட்லர், ஐடஹோவின் ஹேடன் லேக் அருகே 20 ஏக்கரில் ‘ஆரியன் நேஷன்ஸ்’ வளாகத்தை அமைத்தார். 1998இல் அதன் காவலர்கள் அவ்வழியே சென்ற ஒரு தாயையும் மகனையும் துரத்திச் சுட்ட வழக்கில், 2000இல் நடுவர் குழு 63 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. பட்லர் நிலத்தை இழந்தார். கட்டடங்கள் தரைமட்டமாயின. இறையியல் தோற்ற இடம் நீதிமன்றம் அல்ல. ஆனால் கூடுவதற்கு ஓர் இடமில்லாத சமயம் சுருங்கத் தொடங்கியது.

மூவரில் கேலை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். வரி அதிகாரிகளுக்கும் நீதிபதி ஒருவருக்கும் மிரட்டல் விடுத்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீடு முடியும் முன்னே 1988இல் இறந்தார். 1963இல் அவர் வெளியிட்ட ஐடென்டிட்டி நூலின் தலைப்பைத் தமிழாக்கினால் ‘எங்கள் தந்தையரின் விசுவாசம்’ என்று வரும். அவர் வாழ்க்கையைத் துருவிய ஆய்வாளர் டேனியல் லெவிடாஸ் பழைய ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டியபடி, கேலின் தந்தை ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ‘கேல்’ என்பது அமெரிக்காவில் அவர் மாற்றிக்கொண்ட பெயர்.