மரக்காணம் உப்பளங்கள்: வரியும் கணக்கும்

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே அமைந்துள்ள ஊர். தமிழகத்தில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றைப் போலவே உப்பு உற்பத்திக்குப் பெயர் பெற்றது. இக்கடற்கரையில் உப்புக்கு வரி விதித்தவர்கள் பலர். அந்த வரிக்காகக் கணக்கு எழுதியவர்களும் ஆட்சியாளர்களே. 1947இல் உப்பு வரி நீங்கியபின் கணக்கு எழுதும் பொறுப்பு உற்பத்தியாளர் கைக்கு வந்தது. அந்த மாற்றத்தையும், இன்று அவர் எழுத வேண்டிய கணக்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பழங்காலம்

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சங்க இலக்கியங்களில் உப்பு வணிகர் உமணர் எனப்படுகின்றனர். மரக்காணத்துப் பூமீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. சோழர் கல்வெட்டுகளில் உப்பு விளையும் நிலம் 'அளம்' என்றும், உப்பின்மீது பெறப்பட்ட வரி 'உப்பாயம்' என்றும் குறிக்கப்படுகின்றன.

கம்பெனியின் தனியுரிமை

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கியது. உப்பு விளைவித்தவர் விளைந்த அனைத்தையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்காக அவர் பெற்ற தொகை 'குடிவாரம்' எனப்பட்டது. அரசு தன் விலையை வைத்து வணிகருக்கு விற்றது. அளந்தவரும் எழுதியவரும் அரசின் ஆட்களே. விளைவித்தவர் கையில் தனக்கென ஒரு கணக்கு இல்லாததால், அளவையில் குறை நேர்ந்தாலும் எடுத்துக்காட்டிக் கேட்க வழியில்லை.

பிற்காலத்தில் ஆயத்தீர்வை முறை வந்தது. உரிமம் பெற்றவர் உப்பு விளைவித்துத் தாமே விற்கலாம். ஆனால் தீர்வை செலுத்திய பிறகே உப்பை வெளியே கொண்டுசெல்லலாம். 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் இதற்கான விதிகளை வகுத்தது.

தீர்வையின் ஏற்ற இறக்கம்

ஒரு மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. அதன்மீதான தீர்வை மாறிய விதம்:

1882: 2 ரூபாய்
1888: 2 ரூபாய் 8 அணா
1903: 2 ரூபாய்
1905: 1 ரூபாய் 8 அணா
1907: 1 ரூபாய்
1916: 1 ரூபாய் 4 அணா
1923: 2 ரூபாய் 8 அணா
1924: 1 ரூபாய் 4 அணா

1923இல் மத்திய சட்டசபை மறுத்தும், வைசிராய் ரீடிங் தம் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு தீர்வையை இரட்டிப்பாக்கினார். 1930 ஏப்ரல் 6இல் காந்தியடிகள் தண்டியில் சட்டத்தை மீறினார். ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து புறப்பட்ட இராஜாஜியின் தொண்டர் படை ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்தது. 30ஆம் தேதி உப்பு எடுத்த இராஜாஜி கைது செய்யப்பட்டார். 1931 மார்ச் 5இல் ஏற்பட்ட காந்தி-இர்வின் உடன்பாடு, உப்பு கிடைக்கும் கடற்கரை ஊர்களில் வாழ்வோர் தம் தேவைக்கு உப்பு எடுக்க இடம் தந்தது.

விடுதலைக்குப் பின்

1947 ஏப்ரல் 1 முதல் உப்புத் தீர்வை நீக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டின் மத்திய ஆயத்தீர்வை மற்றும் உப்புச் சட்டத்தின் தலைப்பில் 'உப்பு' என்ற சொல் 1996 வரை நீடித்தது. 1948இல், 10 ஏக்கர் வரை உரிமமின்றி உப்பு விளைவிக்கலாம் என்று அரசு அறிவித்தது. 1953ஆம் ஆண்டின் உப்பு மேல்வரிச் சட்டம் தொழில் வளர்ச்சிக்காக ஒரு சிறு தொகையை விதித்தது. 1996இல் உரிம முறையும் கைவிடப்பட்டது.

இன்றைய வரி நிலை

2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் சாதாரண உப்புக்கும் அயோடின் கலந்த உப்புக்கும் வரி இல்லை. வரிவிலக்குப் பெற்ற பொருளை மட்டுமே விற்பவர் பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை. ஆனால் மோட்டார், தார்ப்பாய், சாக்கு முதலியவற்றை வாங்கும்போது கொடுத்த வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. அத்தொகையைச் செலவுக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

வருமான வரியில் நிலை வேறு. பாத்தி கட்டி நீர் பாய்ச்சி விளைவித்தாலும் உப்பு வேளாண் விளைபொருள் ஆகாது. நிலத்தில் கடல்நீரைத் தேக்கி எடுக்கும் உப்பின் வருமானம் வேளாண் வருமானம் அன்று என்பது நீதிமன்றத் தீர்ப்பு. எனவே நெல் விளைவிப்பவருக்கு உள்ள விலக்கு உப்பு விளைவிப்பவருக்கு இல்லை. அவர் வருமானம் தொழில் வருமானமே.

கணக்கு எழுதும் முறை

உப்புக்காலம் பொதுவாகத் தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை நீடிக்கும். நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. அப்போது பாத்தி திருத்திய செலவும் கூலியும் முடிந்திருக்கும். உப்பு விற்காமல் அம்பாரமாகக் குவிந்திருக்கும். அதை இறுதி இருப்பாகக் காட்டாவிட்டால் இல்லாத நட்டம் தோன்றும். எடுத்துக்காட்டாக, கையிருப்பு 100 டன், டன்னுக்கு ஆன செலவு 800 ரூபாய் என்று கொண்டால் இருப்பின் மதிப்பு 80,000 ரூபாய். சந்தை விலை அதைவிடக் குறைவானால் அந்தக் குறைந்த விலையையே கொள்ள வேண்டும்.

தொழிலாளருக்கு மழைக்காலத்தில் கொடுக்கும் முன்பணம் கொடுத்த அன்றே செலவாகிவிடாது. அது வரவேண்டிய தொகை. வேலை நடந்து கூலியில் கழிக்கும்போதே செலவாகும். தொழிலாளியிடமும் இதன் பிரதி இருந்தால் கழிந்தது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பதில் தகராறு எழாது.

2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய ஆண்டின் தொழில் நட்டத்தை, உரிய நாளுக்குள் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தவர் அடுத்த 8 ஆண்டுகளின் தொழில் இலாபத்தில் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் 8 விழுக்காட்டை (வங்கி வழி வந்த தொகைக்கு 6 விழுக்காட்டை) இலாபமாகக் காட்டும் உத்தேச முறை சிறு தொழிலுக்கு எளிது. விரிவான கணக்கேடு வேண்டியதில்லை. ஆனால் அம்முறையில் நட்டம் காட்ட இயலாது. புயலும் வெள்ளமும் அடிக்கடி வரும் கடற்கரையில் இரண்டில் எது ஏற்றது என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறைந்த அளவு, ஓர் உப்பளத்தில் ஐந்து பதிவுகள் வேண்டும்: நாள்தோறும் வாரிய உப்பின் அளவு, லாரியில் ஏற்றிய அளவும் விற்பனைச் சீட்டும், கூலி மற்றும் முன்பணம், குத்தகை மற்றும் பிற செலவுகள், மழையில் கரைந்த இருப்பு. கடைசிப் பதிவுடன் தேதியிட்ட நிழற்படத்தையும் சேர்த்து வைத்தால் இழப்பை மெய்ப்பிக்க உதவும். முன்பு அரசு தன் வரிக்காக எழுதிய அதே விவரங்களை இன்று உற்பத்தியாளர் தம் பாதுகாப்புக்காக எழுதிக்கொள்கிறார்.