பொதுச் சேவைகளின் பாதுகாப்பு ஓட்டைகளும் அவற்றைச் சொல்பவர் சந்திக்கும் சட்ட இடர்களும்

பாதுகாப்புக் குறை அறிவித்தல் என்பது, ஓர் இணையதளத்திலோ செயலியிலோ அந்நியர் நுழையவும் தகவலை எடுக்கவும் இடம்தரும் ஓட்டையைக் கண்டவர், அதைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்தாமல், அடைக்கக்கூடியவரிடம் எடுத்துச் சொல்வது. பெரிய தனியார் நிறுவனங்கள் பல இதற்குப் பரிசுப் பணம் தருகின்றன. 2019இல் இன்ஸ்டாகிராமில் ஓர் ஓட்டையைக் கண்டுசொன்ன சென்னை இளைஞர் ஒருவருக்கு 30,000 டாலர் கிடைத்தது. அதே வேலையை இந்திய அரசின் ஒரு சேவையில் செய்தால், சட்டத்தின் எழுத்துப்படி பரிசுக்குப் பதில் வழக்கும் வரலாம்.

நாகப்பட்டினம் போன்ற மாவட்டத்தில் இது கணினி படித்தவர்களின் தனி விவகாரம் அல்ல. சம்பா அறுத்த விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடுவதற்கு முன் நில விவரம், ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் இணையத்தில் பதிய வேண்டும். நியாயவிலைக் கடையில் அரிசி வாங்கக் கருவியில் விரல்ரேகை வைக்க வேண்டும். அக்கரைப்பேட்டை, நம்பியார் நகர் மீனவக் குடும்பத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்குரிய ரூ.8,000 நிவாரணம் வங்கிக் கணக்கில்தான் ஏறுகிறது. இந்தத் தளங்களை விட்டு விலகி வாழ இங்கே யாருக்கும் வழியில்லை. ஆகவே அவற்றின் ஓட்டை ஊரின் ஓட்டை.

காவிரிப் படுகையில் ஆற்றுக்கரையில் நண்டு வளை வழியே தண்ணீர் கசிந்தால், முதலில் பார்த்தவர் குரல் கொடுப்பார். ஊர் மண்வெட்டியும் மணல் மூட்டையுமாக ஓடும். கரை அரசுடையது, அங்கே உனக்கு என்ன வேலை என்று அவரை யாரும் கேட்பதில்லை. கணினிக் கரையில் கசிவைப் பார்த்தவரிடம் முதலில் கேட்கப்படுவது அந்தக் கேள்விதான்.

ஓட்டையின் தன்மை

அரசுத் தளங்களில் வெளிப்பட்ட குறைகள் பல மிக எளியவை. முகவரி வரியில் உள்ள ஓர் எண்ணை மாற்றினால் அடுத்தவரின் விவரம் திறப்பது அவற்றுள் அடிக்கடி காணப்படுவது. உள்ளே வந்தவர் யார் என்று பார்க்கும் சர்வர், அவர் கேட்கும் பதிவு அவருடையதுதானா என்று பார்ப்பதில்லை. 2021 ஆகஸ்டில் சென்னையைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர் ஐஆர்சிடிசி ரயில் முன்பதிவுத் தளத்தில் இப்படிப்பட்ட குறையைக் கண்டார். பரிவர்த்தனை எண்ணை மாற்றினால் முன்பின் தெரியாத பயணியின் பெயரும் பயண விவரமும் தெரிந்தன. அவருடைய டிக்கெட்டை ரத்து செய்யவும் முடிந்திருக்கும். மாணவர் நேராக, இணையப் பாதுகாப்புக்கான சேர்ட்-இன் என்ற மத்திய அமைப்புக்கு எழுதினார். சில நாட்களிலேயே ஓட்டை அடைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது நல்லபடி முடிந்த நிகழ்வு. ஆனால் அது நல்லபடி முடிந்ததற்குக் காரணம் சட்டம் அல்ல, கடிதத்தைப் படித்தவர்களின் மனப்பாங்கு.

இன்னொரு வகை, கடவுச்சொல் கைமாறுவது. 2020இல் பிரதமரின் கிசான் உதவித்தொகைத் திட்டத்தில், தமிழக வேளாண் துறை அலுவலர்களின் லாகின், பாஸ்வேர்டு இடைத்தரகர்களிடம் போய்ச் சேர்ந்தன. தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டு, ரூ.110 கோடிக்கு மேல் தவறாகப் போனது. சிபிசிஐடி விசாரித்தது; ஒப்பந்தப் பணியாளர்கள் பலர் நீக்கப்பட்டார்கள். ஒரே பாஸ்வேர்டு பல கைகளில் புழங்குவதை அலுவலகத்துக்கு உள்ளேயோ இ-சேவை மையத்திலோ பார்த்த ஒருவர் அச்சமின்றிச் சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி தங்கியிருக்கும் என்று நம்ப இடமுண்டு.

சட்டம் சொல்வது

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதில் முதன்மையானது. அதன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணினியில் நுழைவதையும் அதிலிருந்து தகவலை நகலெடுப்பதையும் இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது. நோக்கம் நல்லதா கெட்டதா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. இழப்பீட்டுக் கோரிக்கை ரூ.5 கோடி வரை இருந்தால் அதை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அலுவலர் மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே. ஒரு மாநிலத் துறை புகார் கொடுத்தால், அதே அரசின் செயலாளர் முன்புதான் குறை சொன்னவர் நிற்க வேண்டும்.

அதே செயலை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவு குற்றமாக்குகிறது: 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே நல்லெண்ணத்துக்கு இடம் உண்டு. தனக்கு முறையற்ற ஆதாயமோ பிறருக்கு முறையற்ற இழப்போ விளைவிக்கும் நோக்கம் இல்லையென்றால் குற்றம் இல்லை. ஆனால் அந்த நோக்கம் இல்லை என்பது நீதிமன்றத்தில், வழக்கு நடந்து முடியும்போது தெளிவாகும். அதற்குள் செல்போனும் மடிக்கணினியும் காவல் நிலையத்துக்குப் போய்விடும்; படிப்போ வேலையோ தடைப்படும். 66ஆம் பிரிவு மட்டும் என்றால் ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம். அதோடு ஏமாற்றுதல், போலி ஆவணம் தயாரித்தல் போன்ற பொதுவான குற்றப் பிரிவுகளைச் சேர்க்கும்போதுதான் ஜாமீன் கடினமாகிறது. இப்படிச் சேர்ப்பது வழக்கமாக நடப்பதே.

70ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்த கணினியில் அனுமதியின்றி நுழைந்தாலும், நுழைய முயன்றாலும் 10 ஆண்டு வரை சிறை. நேர்மையற்ற நோக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. ஆதாரின் மையத் தகவல் தொகுப்பு 2015 டிசம்பரில் இப்படி அறிவிக்கப்பட்டது. ஆதார் சட்டத்தின் 38ஆம் பிரிவும் அதே தொகுப்பைக் காக்கிறது. அதன் தண்டனையும் 2019 திருத்தத்தில் 3 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்ந்தது. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறைத்து வைத்த தகவலைத் தொட்டால், இணையப் பயங்கரவாதம் பற்றிய 66எஃப் பிரிவின் கீழ் ஆயுள் சிறை வரை போகலாம்.

ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014இல் இயற்றிய சட்டம் இதுவரை நடைமுறைக்கே வரவில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறுவோருக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கிறது. கசிவைக் கண்டுசொன்ன வெளியாளைப் பற்றி அதில் பேச்சில்லை.

நடந்த வழக்குகள்

இந்தியாவில் குறை சொன்னவர் வழக்கைச் சந்தித்ததற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை மாற்றியமைக்க முடியும் என்பதை 2010இல் அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ரோப் கோங்க்ரைப் ஆகியோருடன் சேர்ந்து செய்துகாட்டினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று அவர் கைதானார். குற்றச்சாட்டு, மும்பைக் கிடங்கிலிருந்து ஓர் இயந்திரம் திருடுபோனது பற்றியது. இயந்திரத்தைக் கொடுத்தவர் யார் என்பதைத்தான் போலீசார் கேட்டார்கள், அவர் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. மூன்று ஆண்டு கழித்து, 2013 அக்டோபர் 8 அன்று, சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், வாக்களித்ததற்குக் காகிதச் சான்று தேவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2017 மே மாதம் பெங்களூருவின் இணையம் மற்றும் சமூக மையம், நான்கு அரசுத் தளங்களில் சுமார் 13 கோடிப் பேரின் ஆதார் எண்கள் எவரும் பார்க்கும்படி கிடக்கின்றன என்று அறிக்கை வெளியிட்டது. முதியோர், விதவையர் உதவித்தொகைத் தளத்தில் முகவரி வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் மறைத்திருந்த விவரம் தெரிந்தது. ஆதார் ஆணையம் அந்த மையத்துக்கு எழுதிய கடிதத்தில், உள்ளே புகாமல் இது கிடைத்திருக்காது, புகுந்தவர் யார் என்று கேட்டது. பூட்டாத கதவைக் காட்டியவரிடம் திருடனின் பெயரைக் கேட்கும் இந்தப் போக்கு அரசு அலுவலகங்களின் பழக்கமாகிவிட்டது என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

2018 ஜனவரியில் ட்ரிப்யூன் நாளிதழின் நிருபர் ரச்னா கைரா, ரூ.500 கொடுத்து ஆதார் தகவலைப் பார்க்கும் லாகின் வாங்க முடிந்தது என்று எழுதினார். ஆதார் அதிகாரி கொடுத்த புகாரில் டெல்லிக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. முதல் தகவல் அறிக்கையில் நிருபரின் பெயரும் இருந்தது. ஏமாற்றுதல், போலி ஆவணம், 66ஆம் பிரிவு, ஆதார் சட்டம் எல்லாம் சேர்ந்தே வந்தன. பத்திரிகை ஆசிரியர் சங்கம் கண்டித்தது. அதே மாதத்தில் ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கத்தக்க மெய்நிகர் எண்ணை ஆணையம் அறிவித்தது.

தமிழ்நாட்டின் எடுத்துக்காட்டு கூடங்குளம். அணுமின் நிலையக் கணினியில் டிட்ராக் என்ற தீய மென்பொருள் புகுந்ததைப் பற்றி, முன்னாள் உளவு அமைப்பு அலுவலரான புக்ராஜ் சிங் 2019 செப்டம்பர் முதல் வாரத்தில் தேசியச் சைபர் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். அக்டோபர் 28 அன்று செய்தி வெளியே வந்தது. 29ஆம் தேதி நிலைய நிர்வாகம் அது பொய்த் தகவல் என்றது. 30ஆம் தேதி அணுசக்திக் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினிதான் பாதிக்கப்பட்டது, உலையை இயக்கும் அமைப்பு தனி என்று விளக்கம் தந்தது. புக்ராஜ் சிங்குக்கு யாரை அழைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. நாகப்பட்டினத்துக் கல்லூரி மாணவிக்கோ இ-சேவை மைய ஊழியருக்கோ அந்தத் தொலைபேசி எண் கிடையாது.

2021 ஜூன் இறுதியில், தமிழகப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்ததாகத் தோன்றும் சுமார் 50 லட்சம் பேரின் தகவல் இணையத்தில் கிடப்பதாக டெக்னிசாங்க்ட் நிறுவனம் வெளியிட்டது. அந்த நிறுவனம் எந்தத் தளத்துக்குள்ளும் போகவில்லை, வெளியே கொட்டிக் கிடந்ததைப் பார்த்தது. சட்டப்படி இந்த வேறுபாடு பெரியது. வெளியில் கிடப்பதைப் பார்த்துச் சொல்பவருக்கு இடர் குறைவு. கதவைத் தள்ளிப் பார்த்துச் சொல்பவருக்கு அதிகம். சிக்கல் என்னவென்றால், தள்ளிப் பார்க்காமல் கதவு பூட்டியிருக்கிறதா என்று தெரியாது.

அறிவிக்கும் வழிகள்

2004 முதல் இயங்கும் சேர்ட்-இன் அமைப்பு குறைகளைப் பெற்றுக்கொள்கிறது. குறைகளுக்கு உலகளாவிய அடையாள எண் வழங்கும் தகுதியும் அதற்கு 2021இல் கிடைத்தது. முக்கியக் கட்டமைப்புகளுக்கான தேசிய மையம் தனியே ஒரு வழி வைத்திருக்கிறது. இரண்டும் கடிதம் வாங்கும் இடங்கள். அறிவித்தவர்மீது வழக்கு வராது என்று உறுதிதரும் அதிகாரம் இரண்டுக்கும் இல்லை.

கொரோனா காலத்து ஆரோக்கிய சேது செயலி நல்ல பாடம் ஒன்றைத் தந்தது. செயலியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று அதன் முதல் விதிமுறையே தடுத்தது. விமர்சனம் வலுத்தபின் 2020 மே 26 அன்று மூல நிரல் வெளியிடப்பட்டது. குறை கண்டால் ரூ.1 லட்சம் பரிசு என்றும் அறிவிப்பு வந்தது. ஆதார் ஆணையமும் 2022இல் தன் அமைப்பைச் சோதிக்க ஆள் தேடியது: 20 பேர் மட்டும், அதுவும் பெயர்பெற்ற பரிசுப் பட்டியல்களில் முன்னணியில் இருப்பவர்கள், இரகசியக் காப்பு ஒப்பந்தத்துடன். வீட்டுக் கணினியில் தற்செயலாகக் குறையைக் காணும் குடிமகனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

பிற நாடுகள்

அரசு மிரளுவது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. 2017இல் புடாபெஸ்ட் நகரப் போக்குவரத்தின் இணைய டிக்கெட்டில் விலையை மாற்ற முடிகிறது என்று எழுதிச் சொன்ன 18 வயது இளைஞரைப் போலீஸ் பிடித்துப் போனது. 2021இல் அமெரிக்காவின் மிசூரி மாநில ஆளுநர், ஆசிரியர்களின் அடையாள எண்கள் தளத்தில் தெரிவதைச் சொன்ன செய்தியாளர்மீது வழக்கு என்று மிரட்டினார். அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்தார். ஆனால் சில நாடுகளில் நிலை நகர்ந்தது. நெதர்லாந்து 2013இலேயே வழிகாட்டு நெறி வகுத்தது. அமெரிக்க நீதித் துறை 2022 மே மாதம், நல்லெண்ண ஆய்வுக்காக வழக்குத் தொடுப்பதில்லை என்று கொள்கை அறிவித்தது. பெல்ஜியத்தில் 2023இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது: தேவைக்கு மேல் தொடாமல், உடனே அறிவித்து, அனுமதியின்றி வெளியிடாமல் இருப்பவருக்குத் தண்டனை இல்லை.

குறை கண்டவர் செய்யக்கூடியது

ஓட்டை இருக்கிறது என்று தெரிந்த இடத்திலேயே நிற்பது முதல் பாதுகாப்பு. சோதிக்கத் தன் குடும்பத்தின் பதிவே போதும். அடுத்தவர் பதிவு தற்செயலாகத் திறந்தால் அதைச் சேமிக்கவோ நண்பர்களுக்கு அனுப்பவோ கூடாது. எண்ணை மாற்றி மாற்றி ஆயிரம் பதிவை இறக்கியவர், தன் நோக்கம் நல்லது என்று நிரூபிக்க வெகுவாகத் திணறுவார். எப்போது, எந்தப் பக்கத்தில், என்ன தெரிந்தது என்று தேதியிட்டு எழுதி வைத்துக்கொண்டு, சேர்ட்-இன்னுக்கு மின்னஞ்சல் அனுப்பி நகலைக் காக்க வேண்டும். பணம் கேட்கவே கூடாது. கேட்டால் அறிவிப்பு மிரட்டிப் பறித்தலாக மாற்றி வாசிக்கப்படும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஓட்டையைத் திருடனுக்குக் காட்டிக்கொடுப்பது.

போலீஸ் வந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் குற்றங்களை ஆய்வாளருக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது என்பது நினைவிருக்கட்டும். கருவிகளைக் கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும், பட்டியல் சமூகத்தாருக்கும், காவலில் இருப்பவருக்கும், வருமானம் குறைந்தவருக்கும் இலவசமாக வழக்கறிஞர் தரும்.

தமிழ்நாடு அரசு 2020இல் சைபர் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக, கொள்முதல், ரேஷன், நிலப்பதிவு, மீன்வளம் ஆகிய நான்கு தளங்களின் முதல் பக்கத்திலாவது, குறை தெரிவிக்க ஒரு முகவரியும், நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவர்மீது துறை புகார் கொடுக்காது என்ற ஒரு வரியும் தமிழில் இடம்பெற வேண்டும். பணச்செலவு இல்லாத இதைச் செய்யப் புதிய சட்டம் தேவையில்லை. செயலாளரின் ஓர் உத்தரவு போதும்.

மத்தியச் சட்டம் திருந்த வேண்டிய இடமும் தெளிவு. நல்லெண்ணத்தில் செய்த செயலுக்கு வழக்குத் தொடுக்க முடியாது என்ற பாதுகாப்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. அது மத்திய, மாநில அரசுகளுக்கும் அவற்றின் அலுவலர்களுக்கும் எழுதப்பட்டது. குறையைக் கண்டு சொன்ன குடிமக்கள் அந்தப் பிரிவில் இல்லை.